இரண்டு சிலந்திகள், இரண்டு தீவுகள்: குத்தி முதல் இராமேசுவரம் வரை

அரக்கோணத்தில் வடமேற்காகப் பிரியும் இருப்புப்பாதை ரேணிகுண்டா, கடப்பை, குத்தி, குண்டக்கல் வழியாக ராய்ச்சூரை அடைகிறது. மதராஸ் ரயில்வே அமைத்த இப்பாதை 1871இல் ராய்ச்சூரில் மும்பைப் பாதையோடு இணைந்தது. திருப்பதி மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் இப்பாதையின் இரு நிலையங்கள் 1899ஆம் ஆண்டில் சிலந்தியியல் வரலாற்றில் இடம்பெற்றன. லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பணியாற்றிய ரெஜினால்டு இன்னஸ் போகாக், இந்தியாவிலிருந்து வந்த சிலந்தி மாதிரிகளை ஆராய்ந்து பல புதிய சிற்றினங்களை அவ்வாண்டில் விவரித்தார். அவற்றுள் ஒன்றான பொய்சிலோதீரியா ரெகாலிஸின் இடக்குறிப்பு அரக்கோணம். மற்றொன்றான பொய்சிலோதீரியா மெட்டாலிகாவின் இடக்குறிப்பு குத்தி. ஆங்கில ஆவணங்கள் ‘கூட்டி’ என்று எழுதிய இவ்வூர் அன்று சென்னை மாகாணத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் இருந்தது.

இரண்டு மாதிரிகளுக்கும் ரயில் சந்திப்புகளே முகவரியாக அமைந்தது தற்செயல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவின் உயிரின மாதிரிகள் பலவும், அலுவலர்களும் பொறியாளர்களும் வனத்துறையினரும் எளிதில் சென்றடைந்த இடங்களிலிருந்தே திரட்டப்பட்டன. அவ்விடங்களை ரயில் தீர்மானித்தது. எனவே ஒரு மாதிரியோடு கட்டப்பட்ட சீட்டில் உள்ள ஊர்ப்பெயர், அவ்வுயிர் வாழ்ந்த இடத்தைச் சுட்டுகிறதா, அல்லது அது மனிதரின் கையில் சிக்கிய இடத்தைச் சுட்டுகிறதா என்னும் கேள்வி எழுகிறது. குத்தியின் நீலச் சிலந்தியையும், நூறு ஆண்டுகளுக்குப் பின் இராமேசுவரத்தில் அறியப்பட்ட அதன் உறவினச் சிலந்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இக்கேள்வியின் எடை விளங்கும்.

பொய்சிலோதீரியா என்னும் பேரினத்தை 1885இல் பிரெஞ்சு அறிஞர் யூஜீன் சிமோன் நிறுவினார். இப்பேரினத்தைச் சேர்ந்த சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. இவை வலைவிரித்து இரை பிடிப்பவை அல்ல. மரப்பொந்துகளிலும் பட்டையிடுக்குகளிலும் பகலில் ஒடுங்கியிருந்து, இரவில் வெளிவந்து வேட்டையாடுபவை. இந்தியாவில் இவற்றைப் ‘பாராசூட் சிலந்தி’ என்று அழைப்பர். சிங்களத்தில் இவற்றின் பெயர் ‘திவிமகுளுவா’, அதாவது சிறுத்தைச் சிலந்தி. உடலிலும் கால்களிலும் உள்ள பட்டைகளும் புள்ளிகளும் மரப்பட்டையோடு கலந்துவிடுவதால், அசையாதிருக்கும் சிலந்தியை அருகில் நின்றும் காண்பது அரிது.

இவற்றின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஓர் உயிரியல் செய்தி இன்றியமையாதது. சிறு சிலந்தி இனங்கள் பலவற்றின் குஞ்சுகள் நூலிழையை நீளவிட்டுக் காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். கடல் நடுவே உள்ள தீவுகளிலும் சிலந்திகள் குடியேறுவது இவ்வாறுதான். ஆனால் பொய்சிலோதீரியா சார்ந்த பெருஞ்சிலந்திக் குடும்பத்தின் குஞ்சுகள் பெரும்பாலும் நடந்தே பரவுபவை. தாயின் பொந்திலேயே சில காலம் தங்கி, பின்னர் அருகிலுள்ள மரங்களுக்குச் செல்கின்றன. மரம் தொடர்ந்து இருக்கும்வரை அவற்றுக்கு வழி உண்டு. மரம் முடியும் இடத்தில் அவற்றின் உலகமும் முடிகிறது. கடல்நீர் ஒரு நிலத்தைத் தீவாக்குவதைப் போலவே, வெட்டவெளியான வயலும் கல்சுரங்கமும் அகன்ற சாலையும் ஒரு காட்டைத் தீவாக்கக்கூடும்.

முதலில் குத்தி. போகாக்குக்குக் கிடைத்த மெட்டாலிகா மாதிரி, குத்தியில் இருந்த ரயில்வே மரக்கிடங்கில் பிடிபட்டது. உலோகப் பளபளப்போடு கூடிய நீல நிறமே அதற்கு அப்பெயரைப் பெற்றுத் தந்தது. இந்நீலம் நிறமிகளால் உண்டாவதன்று. உடல் மயிரின் மீநுண் அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் விளைவது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பெருஞ்சிலந்திகளில் நீல நிறம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும் என்றும், அமைப்புகள் வேறுபட்டபோதும் அவை எதிரொளிக்கும் நீலத்தின் அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டியே அமைகிறது என்றும் காட்டியது. இத்துணை எடுப்பான நிறம் கொண்ட ஓர் உயிர், முதல் விவரிப்புக்குப் பின் அறிவியலின் கண்ணுக்கு 102 ஆண்டுகள் புலப்படவில்லை.

காரணம் முகவரியில் இருந்தது. குத்தியைச் சூழ்ந்த நிலம் பாறைக்குன்றுகளும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட நிலம். பெருமரப் பொந்துகளை நாடும் சிலந்திக்கு ஏற்ற காடு அங்கு இல்லை. 2001இல் இச்சிற்றினம் மீண்டும் கண்டறியப்பட்டபோது, அது குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட நல்லமலைக் காட்டில் இருந்தது. நல்லமலையில் வெட்டப்பட்ட மரங்களோடு ரயிலேறி அது குத்திக் கிடங்கை வந்தடைந்திருக்க வேண்டும் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஒரு நூற்றாண்டுக் காலம் நூல்களில் அதன் தாயகமாக எழுதப்பட்டுவந்த ஊர், உண்மையில் அது தற்செயலாக இறக்கப்பட்ட ஊர்.

இவ்விளக்கம் உயிரியல் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது சென்னை மாகாணத்தின் காட்டுவரலாற்றையும் தொடுகிறது. தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளுக்கும், தொடக்கத்தில் இயந்திரங்களின் எரிபொருளுக்கும், இருப்புப்பாதைகள் பெருமளவு மரத்தை விழுங்கின. 1856இல் சென்னை மாகாண வனத்துறை அமைந்ததற்கும், 1882இல் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டதற்கும் இருந்த காரணங்களுள் இந்த மரத்தேவையும் ஒன்று. குத்திக் கிடங்கின் சிலந்தி அந்தப் பெரும் மரப்போக்குவரத்தின் சிறு சாட்சி. அதன் வீடாக இருந்த மரம் வெட்டப்பட்டதனாலேயே அது அறிவியலுக்குத் தெரியவந்தது.

அரக்கோணத்து ரெகாலிஸின் கதை இதற்கு மாறானது. அதுவும் ஒரு ரயில் சந்திப்பின் பெயரால் அறிமுகமான சிலந்திதான். ஆயினும் அது கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பரந்து வாழ்வது பின்னர் தெரியவந்தது. ஒரே ஆண்டு, ஒரே ஆய்வாளர், ஒரே இருப்புப்பாதை, ஒரே வகையான இடக்குறிப்பு. ஆனால் ஒன்று பரவலான சிற்றினம், மற்றொன்று ஒரு சிறு காட்டுத்துண்டுக்குள் ஒடுங்கிய சிற்றினம். சீட்டை மட்டும் படிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. காட்டுக்குள் சென்று தேடியவர்களாலேயே அது தெரியவந்தது.

அடுத்து இராமேசுவரம். 2004இல் பிரித்தானியச் சிலந்தி ஆய்வாளர் ஆண்ட்ரூ சுமித், இத்தீவிலிருந்து பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்னும் சிற்றினத்தை விவரித்தார். மாதிரிகள் கிடைத்த அனுமவிலாசம் கோயிலே அதன் பெயரானது. குத்திச் சிலந்தியின் நீலம் இதற்கு இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்து, மரப்பட்டையின் சாயலைக் கொண்டது. இங்கு முகவரியில் பிழை ஏதுமில்லை. மரக்கிடங்கோ சரக்கு வண்டியோ குறுக்கிடவில்லை. வாழும் இடத்திலேயே மாதிரி எடுக்கப்பட்டு, அவ்விடத்தின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு தீவுக்கு மட்டுமே உரிய சிலந்தி என்னும் கருத்து இயல்பாகவே வேரூன்றியது.

2015இல் அக்கருத்து திருத்தம் பெற்றது. இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் அதே சிற்றினம் வாழ்வதை அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். மன்னாரில் அது ஏன் அதற்குமுன் அறியப்படவில்லை என்பதற்கான விடையில் அரசியல் வரலாற்றுக்கும் பங்குண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது வட இலங்கைக் காடுகளில் முறையான களஆய்வு இயலாததாக இருந்தது. போர் ஓய்ந்த பின்னரே ஆய்வாளர்கள் அங்குச் செல்ல முடிந்தது. வடக்கின் மாங்குளம் பகுதியிலிருந்து பொய்சிலோதீரியா ராஜேயி என்னும் மற்றொரு சிலந்தி 2012இல் விவரிக்கப்பட்டு, கள ஆய்வுக்கு வழிகாட்டிய காவல்துறை அதிகாரி ஒருவரின் பெயரைப் பெற்றதும் இக்காலத்தில்தான். வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதால் அங்கு உயிர் இல்லை என்று கொள்ள முடியாது. ஆய்வாளர் அங்குச் செல்ல முடியவில்லை என்பதும் அவ்வெறுமைக்குக் காரணமாகலாம்.

இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கடல் இருக்கிறது. நடந்து பரவும் சிலந்தி அக்கடலின் இருகரையிலும் எவ்வாறு இருக்க முடியும்? இதற்கு இரு விளக்கங்கள் பொருந்தக்கூடும். முதலாவது நிலவியல் சார்ந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் வழங்கும் மணல்திட்டுத் தொடரை ஒட்டிய ஆழமற்ற கடற்பரப்பு அன்று தரையாக இருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்த அக்காலத்தில், மரத்துக்கு மரம் நகர்ந்து செல்லும் சிலந்திக்கு வழி இருந்திருக்கும். கடல் மீண்டும் உயர்ந்தபோது ஒரே குடியின் இரு கிளைகள் இருகரையிலும் தங்கியிருக்கலாம்.

இரண்டாவது விளக்கம் மனிதர் சார்ந்தது. பாக் நீரிணையின் இருகரைகளுக்கும் இடையே தோணிகளும் சரக்குகளும் நெடுங்காலமாகச் சென்று வந்துள்ளன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடிவரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகப் ‘போட் மெயில்’ இயங்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இவ்வழி உயிரோடு இருந்தது. நல்லமலைச் சிலந்தியைக் குத்திக்குக் கொண்டுசென்றது ரயில் என்றால், இராமேசுவரத்துச் சிலந்தியை அக்கரைக்கோ, அக்கரைச் சிலந்தியை இங்கோ ஒரு மரச்சரக்கு கொண்டு சேர்த்திருக்கக் கூடாதா? இவ்விரு விளக்கங்களில் எது சரி என்பதை இருகரைச் சிலந்திகளின் மரபணு ஒப்பீடே தீர்க்க முடியும். பிரிவு பல்லாயிரம் ஆண்டுப் பழைமை உடையதாயின் அதன் தடம் மரபணுவில் இருக்கும். நூறாண்டுக்கு உட்பட்டதாயின் இருதரப்புக்கும் வேறுபாடு மிக அரிதாகவே இருக்கும்.

இவ்விரு சிலந்திகளையும் ஒப்பிடும்போது, தீவு என்னும் சொல்லின் பொருள் தலைகீழாகிறது. நான்கு புறமும் கடல் சூழ்ந்த இராமேசுவரத்தின் சிலந்தி, கடலுக்கு அப்பாலும் வாழ்கிறது. எந்தப் பக்கமும் கடல் இல்லாத நல்லமலையின் சிலந்தி, 2008ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒரே காட்டுத்துண்டில் அடைபட்டுள்ளது. நிலப்படத்தில் தீவாகத் தெரியும் இடம் சிலந்திக்கு ஒரு பழைய நிலத்தொடரின் எஞ்சிய முனையாக இருக்கலாம். நிலப்படத்தில் தொடர்ந்த நிலமாகத் தெரியும் இடம் சிலந்திக்குக் கரையற்ற கடலாக இருக்கலாம். இவ்விரு சிற்றினங்களையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008இல் மிக அருகிய இனங்களாக வகைப்படுத்தியது.

இச்செய்தி சித்தூர், திருப்பதிப் பகுதியை ஆராய்வோருக்குத் தனிப்பொருத்தம் உடையது. நல்லமலை, கிருஷ்ணைக்கும் பெண்ணைக்கும் இடையே நீள்கிறது. பெண்ணைக்குத் தெற்கே பால்கொண்டா, சேஷாசலம் மலைகள் தொடர்கின்றன. ஒரே மலைத்தொடர் என்று பாடநூல் சொல்லும் இந்நிலத்தை ஆறும் சமவெளியும் வயல்களும் துண்டாடியுள்ளன. சேஷாசலத்தில் 1989இல் சிறீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவும், 2010இல் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்க்கோளக் காப்பகமும் அமைக்கப்பட்டன. செஞ்சந்தனத்தின் இயற்கை வாழிடமும் இத்தென்கிழக்கு மலைகளே.

இம்மலைகளுக்கும் இலங்கைக்கும் இடையிலான தொடர்பைப் பல்லியொன்றும் காட்டுகிறது. திருப்பதி மலையிலிருந்து வன அலுவலர் பெட்டோம் 1870இல் விவரித்த பொன்பல்லி, காலோடாக்டிலோடஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்தில் அறியப்பட்ட மற்றொரு சிற்றினம் இலங்கையில் வாழ்கிறது. அதனை 1953இல் தெரணியகல விவரித்தார். பொன்பல்லியின் மூல இடக்குறிப்பு அன்றைய வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். அரக்கோணமும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியானது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. ‘வடஆர்க்காடு’ என்னும் பழைய சீட்டைப் படித்துவிட்டு வேலூர்ப் பக்கம் தேடுபவர் திருப்பதியின் பல்லியைத் தவறவிடுவார். உயிர் இடம்பெயராமல் இருக்கும்போதே அதன் முகவரி மாறிவிடுகிறது.

இவற்றை அருங்காட்சியகச் சீட்டுகளைப் பற்றிய நுணுக்கமாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சிற்றினம் எங்கு வாழ்கிறது என்னும் பதிவைக் கொண்டே அது அருகிய இனமா என்பது முடிவாகிறது. எந்தக் காட்டில் மரம் வெட்டலாகாது என்பதற்கும் அதுவே சான்று. குத்தியே மெட்டாலிகாவின் வாழிடம் என்று நம்பப்பட்டவரை, நந்தியால், கித்தலூர்க் காட்டின் ஒரு மரத்தையும் அச்சிலந்தியின் பெயரால் காக்கக் கோரியிருக்க முடியாது.

ஆனால் சரியான முகவரிக்கும் ஒரு விலை உண்டு. மெட்டாலிகாவின் உண்மையான காடு தெரியவந்த சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்புச் சந்தைகளை எட்டியது. இன்று அங்குப் பரவலாக வளர்க்கவும் விற்கவும் படுகிறது. நூற்றாண்டுக் காலம் ஆய்வாளரைத் திசைதிருப்பிய தவறான சீட்டு, சேகரிப்பாளரையும் திசைதிருப்பியிருந்தது. அதே சீட்டு, மரம் வெட்டுவோரைத் தடுக்க எந்த உதவியும் செய்யவில்லை. மறைவு சிலந்தியை வணிகனிடமிருந்து காத்தது, கோடரியிடமிருந்து காக்கவில்லை.

இச்சிக்கலுக்குச் சட்டம் தாமதமாகவே விடைதேடியது. இலங்கையின் ஐந்து பொய்சிலோதீரியா சிற்றினங்களை அமெரிக்கா 2018இல் தன் அருகிய உயிரினச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு, இப்பேரினம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. அதன்படி நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு அனுமதிச் சான்று கட்டாயம். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம், சைட்டிஸ் இனங்களுக்கெனத் தனி அட்டவணையை ஏற்படுத்தியது. இச்சட்டங்கள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் செயல்படுபவை. பொந்துள்ள முதுமரம் காட்டில் நிற்பதை அவை உறுதிசெய்வதில்லை.

ஆய்வாளருக்கு இதிலிருந்து இரு கடமைகள் விளைகின்றன. முதலாவது, பழைய இடக்குறிப்பை வாழிடமாகக் கொள்ளாமல், அதை ஒரு வரலாற்று ஆவணமாகப் படிப்பது. யார் எடுத்தார், எதன்பொருட்டு அங்குச் சென்றார், எந்தப் பாதை அங்கு இருந்தது, அன்றைய மாவட்ட எல்லை எது என்ற கேள்விகளைச் சீட்டிடம் கேட்பது. இரண்டாவது, புதிய இடக்குறிப்பை வெளியிடும்போது அளவறிந்து நடப்பது. துல்லியமான புள்ளிகளை வனத்துறைக்கும் அருங்காட்சியகப் பதிவேட்டுக்கும் உரியதாக்கி, பொதுவெளியில் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அரிய உயிரினங்களை ஆராய்வோரிடையே வலுப்பெற்று வருகிறது. அறிவியலின் வெளிப்படைத்தன்மைக்கு இது சிறு இழப்புதான். அவ்விழப்பைத் தாங்க அறிவியலால் முடியும்.

சேஷாசலத்தின் முதுமரங்களில் எந்தெந்தச் சிலந்திகள் உள்ளன என்பதை ரயில் நிலையத்தின் பெயர் தாங்கிய சீட்டு சொல்லாது. இரவில் விளக்கோடு மரம் மரமாகப் பார்ப்பவரே சொல்ல முடியும். குத்திச் சிலந்தி அறிவியலுக்குக் கிடைத்தபோது அதன் மரம் ஏற்கெனவே கட்டையாகியிருந்தது. அடுத்த சிலந்தியேனும் நின்றுகொண்டிருக்கும் மரத்தில் கிடைக்க வேண்டும்.